அப்பாவுக்கு எடுத்த கதர் வேட்டியும் கடைச் சுவரில் இருந்த டாக்டரம்மா படமும்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கதர்க்கடை இருக்கிறது. பத்து வருடமாக அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வருகிறேன், ஒரு நாள்கூடப் படியேறியதில்லை. போன வருடம் அப்பாவுக்கு எழுபத்தைந்து முடிந்தது, புது வேட்டி எடுக்கலாம் என்று கேட்டால், "கதரா இருந்தா எடு, கலப்புத்துணி கட்டினா தொடையெல்லாம் அரிக்குது" என்றார். அப்படித்தான் உள்ளே போனேன். அதிலிருந்து இதுவரை இரண்டு வேட்டி, நான்கு துண்டு, எனக்கு ஒரு சேலை, தம்பிக்குச் சட்டைத்துணி, அப்புறம் சோப்பு, நிலவேம்புப் பொடி என்று மாதம் ஒரு தடவையாவது ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். வாங்கியதையெல்லாம் துவைத்துக் கட்டிப் பார்த்தாகிவிட்டது, அதனால் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். துணியைப் பற்றி எழுத நினைத்ததில் பாதி, ஒரு பெண்மணியைப் பற்றியதாக ஆகிவிட்டது. அதையும் சேர்த்தே படியுங்கள், இரண்டையும் பிரித்து எழுத எனக்கு வரவில்லை.

முதலில் கடை. பழைய மர அலமாரி, மடித்து அடுக்கிய துணி, கஞ்சி வாசம். ஏசி கிடையாது, மின்விசிறிதான். கல்லாவில் இருக்கும் அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். வழக்கமான ஜவுளிக்கடை மாதிரி நாம் உட்காருவதற்குள் முப்பது உருப்படியை முன்னால் பிரித்துப் போட்டுத் தள்ளுவதில்லை. "யாருக்கும்மா? வயசு என்ன? தினமும் கட்டவா, விசேஷத்துக்கா?" இவ்வளவும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். அப்பா வீட்டில் தினமும் கட்டுவார் என்றதும், விலை கூடினதை எடுக்காமல் நடுத்தரமான நான்கு முழம் ஒன்றை எடுத்து, ஒரு முனையை வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். நூல் ஒரு இடத்தில் தடிப்பாக, ஒரு இடத்தில் மெலிசாக ஓடியது. எனக்கு அது பழுதாகத் தெரிந்தது. அவர் விரலால் அந்தத் தடிப்பைத் தடவி, "இது நூத்த கை கொஞ்சம் தளர்ந்த இடம். இது இல்லாம ஒரே சீரா இருந்தா நான் உங்களுக்குத் தரமாட்டேன்" என்றார்.

அடுத்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன், கதர் வாங்கும் எல்லாருக்கும் உதவும். தம்பிக்கு ஒரு பெரிய ஊர்க் கடையில் 'கதர்ச் சட்டை' என்று சொல்லி விற்ற ஒன்றை அதற்கு முந்தின பொங்கலுக்கு எடுத்திருந்தேன், 1,400 ரூபாய். போட்டால் வியர்வையை உறிஞ்சவே இல்லை என்று அவன் மூலையில் எறிந்துவிட்டான். அதைப் பையில் போட்டுக்கொண்டுபோய் இந்த அண்ணனிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் மடிப்பின் உள்பக்கத்திலிருந்து ஒரு நூலை இழுத்தார், தீக்குச்சி கிழித்து அதன் முனையில் வைத்தார். நூல் சுருண்டு, உருகி, கறுப்பாகக் கடுகளவு மணியாக நின்றது. பிளாஸ்டிக் எரிந்த நாற்றம். அப்புறம் தன் அலமாரியில் இருந்த வேட்டியிலிருந்து ஒரு நூலை உருவிப் பற்றவைத்தார். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானது, அதை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தபோது திருநீறு மாதிரி பறந்துபோனது. நான் ஏமாந்த பணம் திரும்பி வராது, ஆனால் இனி ஏமாறமாட்டேன்.

இன்னொன்றும் அவரே சொன்னார். கதர்க்கடையில் இருப்பதெல்லாம் சுத்தப் பருத்தி கிடையாது. பாலிவஸ்திரா என்று ஒன்று உண்டு, பாலியஸ்டரும் பருத்தியும் கலந்து நூற்றது. அதுவும் கையால் நூற்று நெய்ததுதான், முறையாக விற்பதுதான், சுருங்காது, கசங்காது என்று கேட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் என் அப்பா மாதிரி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் "பருத்தியா, பாலிவஸ்திராவா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கதர் முத்திரைச் சீட்டு துணியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, படத்துக்கு வருகிறேன். கல்லாவுக்கு மேலே மூன்று படம் மாட்டியிருந்தது. காந்தி, கஸ்தூரிபா, மூன்றாவதாக வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மாள். பில் எழுதும்போது, "அது யாருண்ணே?" என்று கேட்டேன். "நம்ம டாக்டரம்மா. சௌந்தரம் அம்மா. தெரியாதா?" என்றார்.

டாக்டரம்மா என்ற சொல் என் அம்மாச்சி வாயிலிருந்து ஆயிரம் தடவை கேட்டது. என் அம்மாவுக்கு முன்னால் அம்மாச்சிக்கு இரண்டு பிள்ளைகள் வீட்டிலேயே பிறந்து, வாரம் தாண்டாமல் போய்விட்டன. மூன்றாவதாக அம்மா வயிற்றில் இருந்தபோது, 1953-ல், ஊருக்குள் வந்துபோன ஒரு நர்ஸ் பிடிவாதமாக நின்று, மாட்டுவண்டி கட்டவைத்து, காந்திகிராமம் கஸ்தூரிபா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கேதான் அம்மா பிறந்தார். "டாக்டரம்மா ஆஸ்பத்திரி இல்லேன்னா உங்கம்மா ஏது, நீ ஏது" என்று அம்மாச்சி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த டாக்டரம்மாவுக்கு ஒரு பெயர் உண்டு, முகம் உண்டு என்று நான் யோசித்ததே இல்லை. நாற்பத்திரண்டு வயதில் வேட்டி வாங்கப் போன இடத்தில் முதல்முறையாகப் பார்க்கிறேன். அன்று இரவே உட்கார்ந்து அவரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

டி.எஸ்.சௌந்தரம். 1904 ஆகஸ்ட் 18-ல் பிறந்தவர். அப்பா யார் தெரியுமா, டி.வி.சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். என்று இன்றைக்கும் லாரியிலும் பைக்கிலும் பார்க்கிறோமே, அதை உண்டாக்கியவர். தென்மாவட்டங்களில் பஸ் என்றாலே அந்தக் குடும்பம்தான் என்று இருந்த காலத்தில் அந்த வீட்டில் வளர்ந்த பெண். அந்தக் கால வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம். மருத்துவரான கணவர் இளம் வயதிலேயே இறந்துபோனார். அந்தக் காலத்தில், அந்தச் சமூகத்தில், ஒரு இளம் விதவைக்கு என்ன வாழ்க்கை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இவர் டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்தார், 1936-ல் டாக்டராகி வெளியே வந்தார். அப்போது முப்பத்திரண்டு வயது. மகள் படிக்கட்டும் என்று நின்ற பெற்றோரையும் இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும்.

டெல்லியில் கூடப் படித்தவர் சுசீலா நய்யார், பின்னாளில் காந்திக்கு வைத்தியம் பார்த்தவர். அந்தப் பழக்கம்தான் சௌந்தரத்தைக் காந்தியிடம் கொண்டுபோய்விட்டது. அங்கேதான் ஜி.ராமச்சந்திரனையும் சந்தித்தார். அவர் நெய்யாற்றின்கரைக்காரர், தாகூரின் சாந்திநிகேதனில் படித்தவர், ஹரிஜன சேவையில் இருந்தவர். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். ஐயங்கார் வீட்டு விதவைப் பெண்ணுக்கு மறுமணம், அதுவும் வேறு சாதியில், அதுவும் மலையாளி. வீட்டில் சம்மதிக்கவில்லை. காந்தி இரண்டு பேரையும் ஒரு வருடம் பார்க்காமல், பேசாமல், கடிதம்கூட எழுதாமல் இருக்கச் சொன்னார். அதற்கப்புறமும் மனம் மாறவில்லை என்றால் நானே நடத்திவைக்கிறேன் என்று. மாறவில்லை. 1940 நவம்பர் 7-ல் காந்தி, கஸ்தூரிபா முன்னிலையில் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் காந்தி நூற்ற நூலில் வேட்டி, பெண்ணுக்குக் கஸ்தூரிபா நூற்ற நூலில் சேலை என்று சொல்வார்கள். இதைப் படித்தபோது அலமாரியில் இருந்த அப்பாவின் வேட்டியை எடுத்து மறுபடி ஒருதரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வந்தபோது இரண்டு பேரும் அதில் இறங்கினார்கள். 1944 பிப்ரவரியில் ஆகாகான் மாளிகையில் சிறையிலேயே கஸ்தூரிபா இறந்துபோனார். அவர் பெயரில், கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வேலை செய்ய ஒரு நிதி திரட்டி அறக்கட்டளை அமைத்தபோது, தென்னிந்தியாவுக்கு அதன் பொறுப்பாளராகக் காந்தி சௌந்தரத்தைத்தான் போட்டார். படித்த பெண்களைத் தேடிப் பிடித்து, கிராம சேவிகா பயிற்சி கொடுத்து, ஊர் ஊராக அனுப்பும் வேலை. பிரசவம் பார்க்க, குழந்தைகளைக் குளிப்பாட்ட, கிணற்றுத் தண்ணீரைச் சுத்தமாக வைக்க, எழுத்துச் சொல்லிக்கொடுக்க. அம்மாச்சி ஊருக்கு வந்து மாட்டுவண்டி கட்டவைத்த அந்த நர்ஸ், பெயர் தெரியாத அந்தப் பெண், இப்படிக் கிளம்பி வந்தவர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சுதந்திரம் வந்த அதே வருடம், 1947 அக்டோபர் 7-ல், காந்திகிராமம் தொடங்கியது. சிறுமலை அடிவாரத்தில், சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரைக்கும் நடுவில். அந்தத் தேதி ராமச்சந்திரனின் பிறந்தநாள். நாடே டெல்லியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கொடியேற்றி ஐம்பத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது, புருஷனும் பெண்டாட்டியும் திண்டுக்கல் பக்கத்தில் வெயில் காட்டில் வந்து உட்காருகிறார்கள். காந்தி நிர்மாணத் திட்டம் என்று பதினெட்டு வேலைகளை எழுதிவைத்திருந்தார், கதர், கிராமத் தொழில், சுகாதாரம், கைத்தொழிலோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் ஆதாரக் கல்வி, பெண்கள் முன்னேற்றம், தொழுநோயாளிகள் சேவை என்று நீளும். போராட்டத்தில் ஜெயிலுக்குப் போன எத்தனையோ பேர் அந்தப் பட்டியலை மறந்தார்கள். இவர்கள் அதில் ஒவ்வொன்றாக எடுத்துச் செய்ய ஆரம்பித்தார்கள். சின்னாளபட்டியில் சின்ன மருத்துவ இல்லமாக ஆரம்பித்ததுதான் பின்னால் கஸ்தூரிபா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. அநாதைக் குழந்தைகளுக்கு இல்லம், பள்ளிக்கூடம், கதர் நூற்பு, சித்த ஆயுர்வேத மருந்து தயாரிப்பு, 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனம். அந்த நிறுவனம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது, முதல் துணைவேந்தர் ராமச்சந்திரன்.

இவரைப் பற்றி எழுதும் சிலர், அரசியலை உதறிவிட்டுச் சேவைக்கு வந்தார் என்கிறார்கள். அது சரியில்லை. 1952-ல் ஆத்தூர் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் நின்று ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார், 1957-ல் வேடசந்தூரில். இந்த ஆத்தூர் சேலம் ஆத்தூர் அல்ல, எங்கள் திண்டுக்கல் ஆத்தூர். 1962-ல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குப் போய் மத்தியக் கல்வித் துறையில் துணை அமைச்சராகவும் இருந்தார். அந்த வருடம் பத்மபூஷண் கொடுத்தார்கள். பதவிக்குப் போனார், ஆனால் வீடு காந்திகிராமத்தில்தான் இருந்தது. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. டெல்லியில் அமைச்சராக இருந்தவரையும் இங்கே ஜனங்கள் அமைச்சர் என்று கூப்பிடவில்லை, டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவர் கட்டிய கட்டடங்களைவிட அவர் வளர்த்த ஆட்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். ஒரு உதாரணம் போதும். நம் மாவட்டத்து அய்யன்கோட்டையில் நிலமில்லாத தலித் குடும்பத்தில் 1926-ல் பிறந்து, சின்ன வயதில் அப்பாவை இழந்த கிருஷ்ணம்மாள் மேலே படிக்க மதுரையில் துணையாக நின்றவர் சௌந்தரம் அம்மா. அந்தப் பெண் பட்டதாரியானார், 1950-ல் சுதந்திரப் போராட்ட வீரர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனைக் கல்யாணம் செய்துகொண்டார், நிலத்தைத் தானமாகக் கேட்டு ஊர் ஊராகப் போன வினோபாவின் பூதான இயக்கத்தில் நடந்தார், 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றபின் கணவரோடு அங்கேயே போய்த் தங்கி வேலை செய்தார், 1981-ல் லாஃப்டி என்ற அமைப்பை ஆரம்பித்து, நாகை, திருவாரூர்ப் பக்கம் கூலிக்குப் போன ஆயிரக்கணக்கான பெண்கள் பெயரில் நிலத்தைப் பட்டா போட்டுக் கொடுத்தார். ஒரு பிள்ளையைப் படிக்கவைத்தது எங்கெங்கே போய் நின்றிருக்கிறது பாருங்கள்.

1984 அக்டோபர் 21-ல் சௌந்தரம் அம்மா காலமானார். 2005-ல் தபால்தலை வந்தது. இவ்வளவு செய்தவருடைய பெயரை எங்கள் மாவட்டத்திலேயே இன்றைய பிள்ளைகள் பத்துப் பேரிடம் கேட்டால் ஒருவருக்காவது தெரியுமா என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. நானே அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியாகத்தான் போன வருடம்வரை இருந்தேன்.

இப்போது துணிக்கு வருவோம். விலையைப் பற்றி எல்லாரும் புலம்புகிறார்கள். அப்பாவுக்கு எடுத்த வேட்டி 850 ரூபாய், துண்டு 180, என் சேலை 2,100. அதே மாதிரி வேட்டி விசைத்தறித் துணியில் பாதி விலைக்குக் கிடைக்கும், நானும் மறுக்கவில்லை. ஆனால் நான் ஒரு நாள் அண்ணனிடம் நூற்பவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். கணக்கு சிட்டத்தில். ஒரு சிட்டம் என்றால் 1,000 மீட்டர் நூல். கதர் ஆணையம் அந்த ஒரு சிட்டத்துக்குக் கொடுக்கும் கூலி 10 ரூபாயாக இருந்து, 2024 அக்டோபர் 2-ல் 12 ரூபாய் 50 காசாகி, 2025 ஏப்ரலில் 15 ரூபாயாகியிருக்கிறது. ஒரு கிலோமீட்டர் நூலுக்குப் பதினைந்து ரூபாய். இதைக் கேட்டபின் விலை ஜாஸ்தி என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை, இன்னும் கூடக் கொடுக்கலாம் என்றுதான் தோன்றியது. கிராமத்தில் வேறு வேலை இல்லாத பெண் வீட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நூற்றுக் காசு பார்க்கட்டும் என்பதுதான் கதரின் அடிப்படை. டாக்டரம்மா ஆஸ்பத்திரியோடு நிறுத்தாமல் ராட்டையையும் கூடவே வைத்ததற்கு இதுதான் காரணம் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். கையில் காசில்லாத வீட்டில் மருந்து மட்டும் கொடுத்து என்ன செய்வது.

இன்னொரு விஷயம், பல பேருக்குத் தெரியாதது. இப்போது கதர் நூற்கும் அம்பர் ராட்டையைக் கண்டுபிடித்தவர் ஏகாம்பரநாதன் என்ற தமிழர். அவர் பெயரிலிருந்துதான் 'அம்பர்' வந்தது. பழைய ராட்டையில் நூலை முறுக்கிச் சுற்றும் கதிர் ஒன்றுதான், ஒரு நேரத்தில் ஒரு இழைதான் வரும். இதில் பல கதிர்கள் ஒரே நேரத்தில் ஓடும்.

கட்டிப் பார்த்த அனுபவம். வேட்டி புதிதாக இருக்கும்போது கஞ்சி முறுமுறுப்பில் அட்டை மாதிரி நிற்கும், இது நமக்குச் சரிவராது என்று அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். அவசரப்படக் கூடாது. அண்ணன் சொன்னபடி ஒரு ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சோப்புப் போடாமல் அலசி, நிழலில் காயப்போட்டேன். நாலாவது துவைப்பில் துணி இளகியது. ஆறாவது துவைப்பில் அப்பா மற்ற வேட்டிகளைத் தொடுவதை நிறுத்திவிட்டார். சித்திரை வெயிலில் மத்தியானம் திண்ணையில் படுத்திருப்பார், எழுந்தால் முதுகு ஈரமாக ஒட்டுவதில்லை. அரிப்பு போய்விட்டது. ஒரு வருடத்துக்கு மேல் மாற்றி மாற்றிக் கட்டியும் இதுவரை எங்கும் கிழியவில்லை, ஓரம் பிரியவில்லை.

கதர் சுருங்கும், அது அதன் குணம். சட்டைத்துணி எடுப்பவர்கள் கால் மீட்டர் சேர்த்து எடுத்து, நனைத்துக் காயவைத்துவிட்டுத்தான் தையல்காரரிடம் கொடுக்க வேண்டும். நான் தம்பி சட்டையில் இதைச் செய்யாமல் கொடுத்து, கை இரண்டு விரற்கடை ஏறிப்போனது. என் சேலை கருநீலம், முதல் மூன்று துவைப்புக்குச் சாயம் விட்டது, கல்லுப்புப் போட்டுத் தனியாக அலசினேன், அப்புறம் நின்றுவிட்டது. தேய்ப்பதென்றால் முழுக்கக் காயவிடாமல் ஈரப்பதம் இருக்கும்போதே தேய்த்துவிடுங்கள், காய்ந்தபின் தேய்த்தால் கை வலிதான் மிச்சம். சேலையை முழுநாள் ஆபீஸுக்குக் கட்டிப்போனால் சாயங்காலம் கசங்கித்தான் இருக்கும். கசங்காத சேலை வேண்டும் என்பவர்களுக்கு இது வேண்டாம். எனக்கு உடம்பில் துணி இருப்பதே தெரியாமல் இருப்பது பிடித்துவிட்டது.

துண்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கடையில் வாங்கியதிலேயே பெஸ்ட் அதுதான். தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி கனம் கிடையாது, மழைக்காலத்திலும் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், தலைமுடியில் இருக்கும் தண்ணீரை ஒரு துடைப்பில் வாங்கிக்கொள்ளும். சந்தேகத்தோடு கதரை ஆரம்பிப்பவர்கள் 180 ரூபாய்த் துண்டில் ஆரம்பியுங்கள்.

வேப்பெண்ணெய் சோப்பு 45 ரூபாய், நுரை குறைவு, வாசனை வேப்பெண்ணெய் வாசனைதான், பூவாசனை எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் தேங்காத துளைபோட்ட டப்பாவில் வைத்தால் ஒரு மாதம் வரும், இல்லையென்றால் பத்து நாளில் கரைந்துவிடும். நிலவேம்புக் குடிநீர்ப் பொடியும் அங்கேதான் வாங்குகிறேன். கசப்பு நாக்கின் அடிவரை இறங்கும். காந்திகிராமத்தில் லக்ஷ்மி சேவா சங்கம் என்ற பெயரில் சித்த, ஆயுர்வேத மருந்துகள் தயாரிக்கிறார்கள் என்று இந்தக் கடையில்தான் தெரிந்துகொண்டேன்.

கடையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், அண்ணனிடமே நேரில் சொன்னதுதான். மத்தியானம் ஒன்றரைக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கிறார்கள், வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவது? கார்டு மெஷின் பாதி நாள் வேலை செய்வதில்லை. தைத்த சட்டையில் 42-க்கு மேல் அளவு கிடையாது, பெண்களுக்குத் தைத்த உடுப்பு அறவே இல்லை. இளவயதுப் பிள்ளைகள் உள்ளே வந்தால் எடுக்க ஒன்றும் இல்லாமல் திரும்பிவிடுகிறார்கள், ஒரு தடவை என் கண் முன்னாலேயே கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். அவர்களுக்கு ஒரு குர்த்தி இருந்திருந்தால் வாங்கியிருப்பார்கள். நூற்ற பெண்ணின் உழைப்பு இப்படி அலமாரியிலேயே தங்கிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். காந்தி ஜெயந்தித் தள்ளுபடி சமயத்தில் மட்டும் கூட்டம் நெரிகிறது, மற்ற நாளில் நிதானமாக, உட்கார்ந்து, துணியைப் பிரித்துப் பார்த்து எடுக்கலாம்.

போன தை மாதம் அம்மாவை காந்திகிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மதுரை ரோட்டில் போய் சின்னாளபட்டி தாண்டி இறங்கினோம். சிறுமலை அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்தது, அடிவாரம்வரை பச்சை. ஆஸ்பத்திரி வாசலில் அம்மா கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றார். கைக்குழந்தையைத் துணியில் சுற்றிப் பிடித்தபடி ஒரு பெண்ணும், கூடவே அவள் மாமியார் மாதிரி ஒருவரும் வெளியே வந்தார்கள். அம்மா குழந்தையின் முகத்தைப் பார்த்து, "பொண்ணா, பையனா?" என்று கேட்டார். "பொண்ணுங்கம்மா" என்றார் அந்த மாமியார், பெரிய சிரிப்போடு. அம்மா தன் கைப்பையில் இருந்த நூறு ரூபாயை எடுத்துக் குழந்தையின் கைக்குள் திணித்தார். நானும் இங்கேதான் பிறந்தேன் என்று அவர்களிடம் சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான், "அந்தத் துணி கதர் மாதிரி இருந்துச்சே, பாத்தியா?" என்று என்னைக் கேட்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை அம்மாவுக்குச் சேலை எடுக்கப் போகிறேன். வெள்ளை வேண்டாமாம், அரக்குக் கரை போட்ட சந்தன நிறம் வேண்டும் என்கிறார். அண்ணன் போன வாரமே ஒன்றை எடுத்துத் தனியாக மடித்து வைத்திருப்பதாகச் சொன்னார், நாலு மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறார்.